காயல் மாநகர்: கால்டுவெல் கண்டதும் காணாது விட்டதும்

முன்னுரை

முத்துக்குளித்துறையில் அருட்பணி ஆற்றச் செல்லும் ஆயர்களும் இறையியல் மாணவர்களும் அங்கே முதலில் கேட்கும் வரலாறு பெரும்பாலும் ஒன்றே. முன்னாளில் சோனகர் பரதவரை ஒடுக்கினர். பரதவர் போர்த்துகீசியரிடம் அடைக்கலம் புகுந்தனர். திருமுழுக்குப் பெற்று விடுதலை அடைந்தனர் என்பதே அவ்வரலாறு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் கதையின் ஒரு பக்கத்தில் முகமற்ற பகைவராக நிற்கும் அந்தச் சோனகர் யார், அவர்களுடைய நகரம் எது, அந்நகரில் என்ன பேசினர், என்ன எழுதினர் என்னும் வினாக்களை நம்மில் பெரும்பாலோர் எழுப்பியதில்லை.

தூத்துக்குடியின் வடபுறத்தில் உள்ள திரேஸ்புரம் கடற்கரையில் இவ்வினாக்களைத் தவிர்க்க இயலாது. அங்கே நாட்டுப்படகுகளில் கடலுக்குச் சென்று சங்கு குளிப்போரில் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் உள்ளனர். இக்கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால் மூச்சடக்கி மூழ்கும் தொழிலும், அதைச் செய்வோருக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கவேண்டிய நம்பிக்கையும் சங்குகுளிப்பில் தொடர்ந்து வந்துள்ளன. மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவனை நம்பியே கீழே ஒருவன் மூழ்கினான். இத்தொழிலை அறிந்த மக்களிடம், அவர்களுடைய அண்டை வீட்டாரைப் பகைவராக மட்டுமே காட்டும் ஒரு வரலாற்றை நாம் எவ்வாறு எடுத்துரைப்பது?

இவ்வினாவை மனத்திற்கொண்டு, பேராயர் இராபர்ட் கால்டுவெல் 1881ஆம் ஆண்டு வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் காயல் நகரைப் பற்றிய பகுதியை மீண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் சபையின் அறிஞர்களுள் தலைசிறந்த ஒருவரின் நூல் அது. பின்னர் வந்தோர் பலர் அதன் வழியே நடந்தனர். ஆகவே அதன் பார்வை எதை வெளிச்சப்படுத்தியது, எதை நிழலில் விட்டது என்று காண்பது நமக்குப் பயனுள்ளதாகும்.

கால்டுவெல் கண்ட காயல்

மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையை அடைந்தார். ‘காயில்’ என்னும் பெரிய, சிறந்த நகரைப் பற்றி அவர் எழுதிவைத்தார். ஓர்முசு, கீசு, ஏடன் முதலிய மேற்றிசைத் துறைமுகங்களிலிருந்து குதிரைகளையும் சரக்குகளையும் ஏற்றிவரும் கப்பல்கள் அங்கே வந்து சேர்ந்தன என்பது அவர் கூற்று. அந்நகரம் எங்கே இருந்தது என்பது ஐரோப்பிய அறிஞருக்கு நெடுங்காலம் புதிராக இருந்தது. அதை விடுவித்தவர் கால்டுவெல்.

கால்டுவெல் நூலகத்திலிருந்து மட்டும் முடிவு கூறியவர் அல்லர். தாமிரபரணி கடலோடு கலக்கும் நிலப்பகுதியில் தாமே நடந்து சென்றார். கொற்கையில் அகழ்ந்து பார்த்தார். பழையகாயலைச் சுற்றியுள்ள வெளியெங்கும் உடைந்த ஓடுகளும் மட்கலத் துண்டுகளும் சீனப் பீங்கான் சில்லுகளும் சிதறிக் கிடக்கக் கண்டார். இவ்வாய்வை 1877இல் வெளியிட்டார். கொற்கையின் துறை மண் மூடித் தூர்ந்தபின் காயல் எழுந்தது. காயலும் அவ்வாறே தூர்ந்தபின் வாணிகம் புன்னைக்காயலுக்கும் பின்னர் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது என அவர் வரைந்து காட்டிய முறை, ஒரு நதியின் வண்டலைக் கொண்டே மூன்று நகரங்களின் தலைவிதியை விளக்கிவிட்டது. அம்முறைக்கு நாம் இன்றும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. பீங்கான் சில்லுகள் ஒரு நகரத்தின் செல்வத்தைக் காட்டும். அதன் மனத்தைக் காட்டா. மார்க்கோ போலோவின் நகரம் பழையகாயலே என்றும், இன்று முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் காயல்பட்டினம் வேறு என்றும் கால்டுவெல் முடிவு செய்தார். இதை மறுத்துக் காயல்பட்டினமே அத்துறை என வாதிடுவோரும் உளர். இடம் பற்றிய அவ்வழக்கில் நாம் தீர்ப்புக் கூறப் புகவில்லை. நம் குறை வேறு. மாநகரம் பழையகாயலின் மண்ணுக்குள் புதைந்துவிட்டது என்று முடிவு கட்டியபின், அந்நகரின் மொழியையும் வழிபாட்டையும் வாணிக மரபையும் சுமந்துகொண்டு சில கல் தொலைவில் வாழ்ந்த மக்களிடம், ‘உங்கள் ஏடுகளில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கும் தேவை வரலாற்றாசிரியருக்கு எழவில்லை. அவர் எழுத முனைந்தது அரசியல் வரலாறு. ஆகவே காயலின் புலவர்கள் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர். பின்வந்தோரோ அந்த எல்லையையே உலகின் எல்லையாகக் கொண்டுவிட்டனர்.

குதிரையும் முத்தும்

காயலை ‘இஸ்லாமிய நகரம்’ என்று நாம் அழைப்பதன் பொருளை வரையறுத்துக்கொள்ள வேண்டும். அது பக்தாது போலக் கலீபாவின் தலைநகர் அன்று. தில்லி போலச் சுல்தானின் அரண்மனையும் அன்று. அது பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரனின் துறைமுகம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபின் நூலில் அதன் அமைப்புத் தெளிவாகத் தெரிகிறது. கீசுத் தீவின் பெருவணிகரான மாலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனுக்கு அமைச்சராக விளங்கினார். காயல் உள்ளிட்ட துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பாடு இருந்தது. பாரசீக வளைகுடாத் துறைகள் அனைத்திலுமிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் வஸ்ஸாப் குறிப்பிடுகிறார். எண்களில் மிகை இருக்கலாம். ஆனால் ஒரு சைவ மன்னனின் படைவலிமை முஸ்லிம் வணிகரின் கப்பல்களையும், அவ்வணிகரின் செல்வம் அம்மன்னனின் பாதுகாப்பையும் சார்ந்து நின்றன என்பதில் ஐயமில்லை.

இதற்கு நம் மண்ணிலேயே கல்லில் பொறித்த சான்று உண்டு. பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் சோனகச் சாமந்தன் எழுப்பிய பள்ளிக்குப் பாண்டிய மன்னன் நிலக்கொடை அளித்த செய்தி, திருப்புல்லாணித் திருமால் கோயிலின் கல்வெட்டில் காணப்படுகிறது. தொழுகைக்குரிய பள்ளிக்கு வழங்கிய கொடையைத் திருமால் கோயிலின் சுவர் பாதுகாத்து வைத்திருக்கிறது. இக்கடற்கரையின் பழைய ஒழுங்கு எத்தகையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

எனினும் அவ்வொழுங்கைப் பொற்காலம் என்று புகழ்ந்துவிடுவதும் தவறாகும். முத்துக் கடலில் மூழ்கியவர்கள் யார், முத்தின் விலையைப் பெற்றவர்கள் யார் என்று கேட்டாக வேண்டும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா காயலைப் பற்றி எழுதியுள்ளார். முத்துக்குளிப்பின் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு முஸ்லிம் செல்வர் அங்கே மன்னருக்கு நிகராக மதிக்கப்பட்டார். தம் இனத்தார்க்கு அவரே நீதியும் வழங்கினார். குளிப்போர் வாரத்தின் ஏனைய நாள்களில் தமக்காக மூழ்கினர். வெள்ளிக்கிழமையில் கிடைத்தது படகின் உரிமையாளருக்கு. பருவத்தின் இறுதியில் ஒரு வாரத்து உழைப்பு முழுவதும் குத்தகைச் செல்வருக்கு. பரதவரின் மனக்குறைக்கு வேர் இங்கே இருக்கிறது. அது சமயத்தைப் பற்றிய குறையாக அன்று, உழைப்பையும் கூலியையும் பற்றிய குறையாகவே தொடங்கியது. அக்குறை நியாயமானது என்பதை முஸ்லிம்களுக்குச் செய்யவேண்டிய நீதியின் பெயரால் நாம் மறைத்தல் ஆகாது.

போர்களைப் படிக்கும் முறை

காயல் கண்ட போர்களை ‘இஸ்லாத்திற்கும் பிறருக்கும் நடந்த போர்’ என்று ஒரே தலைப்பில் அடக்குவது நம் பாடநூல்களின் வழக்கம். சான்றுகளை நெருங்கிப் பார்த்தால் அத்தலைப்பு நில்லாது. 1311இல் மாலிக் காபூரின் தில்லிப் படை பாண்டிய நாட்டில் புகுந்தபோது, பாண்டியன் பக்கத்தில் முஸ்லிம் வீரரும் இருந்தனர். கலிமாச் சொல்லத் தெரிந்திருந்தமையால் அவர்கள் உயிர் பிழைத்தனர் என்று அப்படையெடுப்பைப் புகழ்ந்து எழுதிய அமீர் குஸ்ருவே கூறுகிறார். படையெடுத்து வந்தோரும் எதிர்த்து நின்றோரில் சிலரும் ஒரே திசை நோக்கித் தொழுதவர்கள். பின்னர், 1335 முதல் 1378 வரை மதுரையை ஆண்ட சுல்தான்களுள் ஒருவனான கியாசுத்தீன் தாம்கானி, சிறைப்பட்டோரையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை நாம் யாரிடமிருந்து அறிகிறோம்? அவனுடைய விருந்தினரும், உடன்பிறந்த பெண்களை மணந்த வகையில் அவனுக்குச் சகலையுமான இபுனு பதூதாவிடமிருந்தே. அக்கொடுமையை அவர் கண்டு, வெறுத்து, எழுதி வைத்தார். ஒரு சமயத்தார் தம் ஆட்சியாளரின் பாவத்தைத் தாமே அறிக்கையிட்ட இச்சான்று, தீர்க்கதரிசன நூல்களைப் படித்துப் பழகிய நமக்கு அயலானது அன்று.

இனி 1530களுக்கு வருவோம். தூத்துக்குடியில் எழுந்த ஒரு பூசலில் பரதவர் ஒருவரின் காது அறுபட்டது என்றும், அதிலிருந்து இரு தரப்பிலும் கொலைகள் பெருகின என்றும் மரபு கூறுகிறது. அந்நேரத்தில் பரதவர்க்கு வழிகாட்டியவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த ஜான் தெ குரூஸ் என்னும் குதிரை வணிகர். அவர் கிறிஸ்தவர், கடனாளி, போர்த்துகீசியரின் ஆதரவை வேண்டி நின்றவர். அவர் சொல்லைக் கேட்டுப் பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்று திருமுழுக்குப் பெற்றனர். தொடர்ந்து 1536-37இல் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். 1538இல் வேதாளையில் மார்த்தீம் அபோன்சோ தெ சோசாவின் படை மரைக்காயர்களின் கடற்படையை முறியடித்தது. முத்துக்கடலின் உரிமை கைமாறியது.

கால்டுவெல் இந்நிகழ்ச்சியில் அரசியல் பாதுகாப்பு முன்னும் போதனை பின்னும் வந்ததை மறைக்கவில்லை. அவருடைய நேர்மை அது. ஆனால் இதை ரோமச் சபையின் குறையாக மட்டும் எண்ணி நம்மவர் மனநிறைவு அடைந்தது நேர்மை ஆகாது. நாம் கேட்கவேண்டியது வேறு. விடுதலை பெற்றவர்களின் நிலை பின்னர் என்ன ஆயிற்று? போர்த்துகீசிய அரசியின் பாதணிச் செலவுக்கென்று இக்கடற்கரை மக்கள் வரி செலுத்த வேண்டியிருந்தது. அப்பணத்தை உபதேசியார்களின் ஊதியத்திற்கு விட்டுத்தருமாறு 1542இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் வேண்டிப் பெற்றார். 1544இல் அவர் எழுதிய கடிதங்களில், தூத்துக்குடியில் இருந்த போர்த்துகீசியத் தளபதியின் செயல்களைக் கடுமையாகக் கண்டிக்கிறார். அத்தளபதியின் கருத்து ஆன்மாக்களில் அன்று, குதிரை வாணிகத்திலேயே இருந்தது. காயலின் செல்வர் நடத்திய அதே வாணிகம்! எசமானர் மாறினர், மூழ்குபவன் மாறவில்லை. மீட்பின் கதையாக நாம் சொல்லிவருவதில் இப்பகுதியும் இடம்பெற வேண்டும்.

ஏடுகளில் வாழ்ந்த நகரம்

கடல் வாணிகத்தின் தலைமையை இழந்தபின் காயலின் வரலாறு முடிந்துவிட்டது என்பது நம் நூல்களைப் படிப்போரின் எண்ணம். உண்மையில் அதன் இலக்கிய வாழ்வு அதற்குப் பின்னரே செழித்தது. 17ஆம் நூற்றாண்டில் காயல்பட்டினத்தில் பிறந்த சதக்கத்துல்லா அப்பா அரபு மொழியில் கவி பாடிய பேரறிஞர், கீழக்கரையில் அடக்கமானவர். எட்டயபுரத்தில் வாழ்ந்த உமறுப்புலவருக்கு நபிகளின் வரலாற்றைப் பாடுவதற்குரிய அறிவுத் துணை அவரிடமிருந்தும் அவர் வட்டத்திலிருந்தும் கிடைத்தது. அவ்வாறு எழுந்த சீறாப்புராணம் 5,000க்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. உமறு முடிக்காது விட்ட வரலாற்றைக் காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’ பாடி நிறைவு செய்தார். அவ்வூரின் காசிம் புலவர் அருணகிரிநாதரின் சந்தத்தை மேற்கொண்டு நபிகள்மீது திருப்புகழ் பாடினார். புலவர் நாயகம் எனப் போற்றப்பெற்ற சேகனாப் புலவர், சிரியா நாடு முஸ்லிம்களின் வசமான வரலாற்றைப் ‘புதூகுஷ்ஷாம்’ என்னும் காப்பியமாக்கினார். பவுல் கண் திறக்கப்பெற்ற தமஸ்குவின் பிற்கால வரலாற்றைத் தமிழ்ச் செய்யுளில் தந்தவர் ஒரு காயல்பட்டினத்துப் புலவர் என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்?

இவ்விலக்கியம் நம்முடைய இலக்கியத்திற்கு உடன்பிறப்பு என்பதை இரண்டு சான்றுகளால் காட்டலாம். முதலாவது: வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’ 1572ஆம் ஆண்டைச் சார்ந்தது. யூத அறிஞரான அப்துல்லா இபுனு சலாம் வினவ, நபிகள் விடையளிக்கும் அமைப்பு உடையது அது. அண்டிறீக்கு அடிகளார் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. வினாவிடை வடிவிலான ‘கிரீசித்தியானி வணக்கம்’ 1579இல் கொச்சியில் அச்சாயிற்று. ஏழாண்டு இடைவெளியில், இரு புதிய நம்பிக்கைகளைச் சார்ந்தோர் தமிழ் மக்களுக்குத் தம் மறையை விளக்க ஒரே வடிவத்தைத் தேர்ந்துள்ளனர். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினர் என்று நாம் கூறவில்லை. ஒரே கேள்வியை எதிர்கொண்டனர் என்றே கூறுகிறோம்: பிறமொழியில் வந்த இறைமொழியைத் தமிழன் கேட்கும்படி சொல்வது எவ்வாறு?

இரண்டாவது: சீறாப்புராணத்தின் அரபு நாட்டில் மழை பெய்கிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. வீரமாமுனிவரின் தேம்பாவணியிலும் யூதேயா இத்தகைய செழிப்புப் பெறுகிறது. எச். ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் கம்பன் வழியே செல்கிறது. இதனைப் புவியியல் அறியாமை என்று நகைப்பது திறனாய்வு அன்று. பாலை நிலத்தில் தோன்றிய மறையைப் பொருநை நாட்டார் தம் வயல்வரப்பில் நின்று வரவேற்றதன் அடையாளம் அது. இம்மூவரையும் ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்கும் முறை நம் இறையியற் கல்லூரிகளில் வேரூன்ற வேண்டும். உமறுவின் அடக்கத்தலம் உள்ள எட்டயபுரம் இன்று தூத்துக்குடி மாவட்டத்திலேயே உள்ளது.

நம் சபையும் இக்கடற்கரையும்

பிறரைப் பற்றி இவ்வளவு கூறியபின் நம்மைப் பற்றியும் கூறுதல் கடன். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர்களோடு வந்த சீர்திருத்தச் சபைப் போதகர் பிலிப்பு பால்தேயுசு இங்கே பிரசங்கித்தார். 1672இல் வெளியான தம் நூலில் இக்கரையை விவரித்தார். ரோமக் குருக்கள் விலக்கப்பட்டனர், ஆலயங்கள் பறிக்கப்பட்டன. எனினும் பரதவர் தம் சபையை விட்டு அகலவில்லை. ஆட்சியின் துணையோடு வந்த போதனையை அம்மக்கள் அடையாளம் கண்டுகொண்டனர் போலும். டச்சுக்காரரும் முத்துக்குளிப்பை நிறுத்தவில்லை. எத்தனை ‘கல்’ கிறிஸ்தவர்க்கு, எத்தனை ‘கல்’ முஸ்லிம்களுக்கு என்று மூழ்கும் உரிமையைப் பங்கிட்டு வரி கண்டனர். 1750இல் அவர்கள் தூத்துக்குடியில் எழுப்பிய ஆலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாட்டிடமாக உள்ளது. அவ்வாலயத்தில் நின்று நாம் காயலின் குத்தகைச் செல்வரை மட்டும் குற்றஞ்சாட்டுவோமாயின், நம் காலடிக் கல்லே நம்மைக் கண்டிக்கும்.

முடிவுரை

கால்டுவெல் பழையகாயலின் மண்ணைக் கிளறி ஒரு மாநகரை உலகுக்கு மீட்டுத் தந்தார். அவருக்கு நாம் செலுத்தும் நன்றி, அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவதாக இருத்தலாகாது. அவர் சில்லுகளைப் பொறுக்கிய பொறுமையோடு நாம் ஏடுகளைப் படிக்க வேண்டும். பரதவரின் துயரத்தைக் குறைத்துக் கூறாமலும், அத்துயரத்தைக் கொண்டு அண்டை வீட்டாரின் முகத்தை அழிக்காமலும் வரலாற்றைச் சொல்லக் கற்க வேண்டும்.

யோனாவின் நூல் நம் கையில் உள்ளது. அத்தீர்க்கதரிசியின் மக்கள் நினிவேயின் கையில் பட்ட துன்பம் கற்பனை அன்று. அவருடைய சினத்திற்குக் காரணம் இருந்தது. ஆயினும் அந்நகரில் வாழ்வோரைக் கடவுள் எண்ணி வைத்திருந்தார் என்பதை அவர் நகருக்கு வெளியே, வாடிய செடியின் அருகில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நூல் வினாவோடு முடிகிறது. யோனா அளித்த விடை நமக்குச் சொல்லப்படவில்லை.

திரேஸ்புரத்திலோ புன்னைக்காயலிலோ திருச்சபையின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆயர், வேதாளைப் போரைச் சொல்லும் அன்றே சீறாப்புராணத்தையும் சொல்வாராக. பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்றதைச் சொல்லும்போது, அவர்கள் திரும்பிவந்து யாருக்கு வரி கட்டினர் என்பதையும் சொல்வாராக. அடுத்த தெருவில் தொழுகைக்கு அழைக்கும் ஒலி கேட்கும்போது, அது இக்கரையில் நம் ஆலயமணிக்கு முன்பே ஒலித்தது என்பதை அப்பிள்ளைகள் அச்சமின்றி அறிந்திருக்கட்டும். கயிற்றை யார் பிடிக்கிறார் என்பது மூழ்குபவனுக்கு முக்கியம். அந்த நம்பிக்கையை அறுக்காத வரலாற்றை எழுதுவது இத்தலைமுறை இறையியலாரின் பொறுப்பு.